செத்த ப்ராசஸின் கையில் இருந்த பூட்டு

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு பழகியவர்கள் ஒரு முறையாவது இந்தச் செய்தியை லாகில், அதாவது அது நடப்புகளை எழுதிவைக்கும் கோப்பில், பார்த்திருப்பார்கள். தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: ‘இன்னொரு சர்வர் ப்ராசஸ் முறையில்லாமல் முடிந்துவிட்டது. அது பகிர்ந்த நினைவகத்தைக் கெடுத்திருக்கவும் கூடும். அதனால் இப்போது செய்துகொண்டிருக்கும் வேலையைக் கைவிட்டு வெளியேறும்படி போஸ்ட்மாஸ்டர் உத்தரவிட்டிருக்கிறது.’ ப்ராசஸ் என்பது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல்; போஸ்ட்மாஸ்டர் என்பது போஸ்ட்கிரெஸின் மற்ற ப்ராசஸ்களை எழுப்பிக் கவனிக்கும் தலைமை ப்ராசஸ். இந்தச் செய்தியைப் பல வருடங்கள் கோபத்தோடுதான் படித்துவந்தேன். அந்தக் கோபம் எப்படித் தணிந்தது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதன்முதலில் அதைப் பார்த்தது ஒரு மாதக் கடைசி ராத்திரியில். அப்போது நான் இருந்த நிறுவனத்தில் பில்லிங், கிடங்கு, கணக்கு எல்லாம் ஒரே போஸ்ட்கிரெஸ் சர்வரில் ஓடின. யாரோ போட்ட ஒரு அறிக்கைக்கான குவெரி மூன்று மணி நேரமாக முடியாமல் சிபியுவைத் தின்றுகொண்டிருந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி ஒருவர் அதன் ப்ராசஸ் எண்ணைக் கண்டுபிடித்து, கில் மைனஸ் 9, அதாவது அதை அந்த நொடியே கொல்லும் கட்டளையை, அடித்தார். அடுத்த நொடி, இணைந்திருந்த அத்தனை பேரின் இணைப்பும் அறுந்தது. நூற்றெண்பது இணைப்புகள் இருக்கும். பில் போட்டுக்கொண்டிருந்தவர்கள், சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள், எல்லாருக்கும் திரை நின்றது. தரவுத்தளம் தன்னைச் சரிசெய்துகொண்டு திரும்பி எழுந்துவர இரண்டு நிமிடம் ஆனது.

“அண்ணா, நான் ஒரே ஒரு ப்ராசஸைத்தாங்க நிறுத்தினேன்” என்றார் அவர். முகம் வெளிறிப் போயிருந்தது. அவரிடம் சொன்னேன்: பேக்எண்டை, அதாவது ஓர் இணைப்புக்கான ப்ராசஸை, நிறுத்த டெர்மினேட் பேக்எண்ட் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, அது ‘முடித்துக்கொள்’ என்று கேட்கும் சிக்டெர்ம் சிக்னலை அனுப்பும், அந்த ப்ராசஸ் தன் பூட்டுகளை விட்டுவிட்டு ஒழுங்காக வெளியே வரும், 9 மட்டும் ஒருநாளும் வேண்டாம். சொன்னது சரிதான். ஆனால் எனக்குள் ஒரு வாதம் ஓடிக்கொண்டே இருந்தது. தப்பு நடந்தது ஒரு ப்ராசஸில். மீதி நூற்றெழுபத்தொன்பது பேர் என்ன செய்தார்கள்? ப்ராசஸ்களைத் தனித்தனியாகப் பிரித்து வைப்பதே ஒன்று விழுந்தால் இன்னொன்று விழக்கூடாது என்பதற்குத்தானே? அதை விட்டுவிட்டு, ஒருவன் விழுந்ததும் வீட்டையே காலி செய்யச் சொல்வது சோம்பேறித்தனமான வடிவமைப்பு என்று அப்போது உறுதியாக நம்பினேன். நண்பர்களிடமும் அப்படித்தான் பேசிவந்தேன்.

மதில் ஓடும் கிணறு

அப்புறம் வேலை மாறினேன். கோவையில், துணியைக் கேமரா வைத்துச் சோதிக்கும் ஒரு கருவியில் மென்பொருள் எழுதும் வேலை. துணி உருளையிலிருந்து அவிழ்ந்து ஓடும். மேலே இருக்கும் கேமரா நொடிக்கு 30 படம் எடுக்கும். ஒவ்வொரு படமும் 2048-க்கு 1536 புள்ளி, கறுப்பு வெள்ளை, ஒரு புள்ளிக்கு ஒரு பைட். ஆக ஒரு படம் சரியாக 3 எம்.பி. அதை ஒரு ப்ராசஸ் கேமராவிலிருந்து வாங்கும். இன்னும் மூன்று ப்ராசஸ்களுக்கு அது வேண்டும்: ஓட்டை, எண்ணெய்க் கறை, அறுந்த நூல் தேடுகிற ஒன்று; படத்தை வட்டில் சேமிக்கிற ஒன்று; திரையில் காட்டுகிற ஒன்று.

நான் சேர்வதற்கு முன்பு இதைப் பைப் வழியாக, அதாவது ஒரு ப்ராசஸ் ஒரு முனையில் எழுத இன்னொன்று மறுமுனையில் படிக்கும் குழாய் வழியாக, அனுப்பிக்கொண்டிருந்தார்கள். லினக்ஸில் ஒரு பைப் சாதாரணமாக 64 கே.பி.தான் பிடிக்கும். ஒரு படம் போக அதை 48 தடவை நிரப்பிக் காலி செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் ஒரு நகல், வெளியே ஒரு நகல், அதுவும் மூன்று பேருக்குத் தனித்தனியாக. சிபியுவின் உழைப்பில் பெரும் பங்கு துணியைப் பார்ப்பதில் போகாமல் படத்தைச் சுமப்பதில் போய்க்கொண்டிருந்தது. இதற்கு ஷேர்டு மெமரி, அதாவது பகிர்ந்த நினைவகம்தான் சரி என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது.

பொள்ளாச்சிப் பக்கம் என் அம்மாயி வீட்டில் கிணறு பாதிதான் எங்களுடையது. இரண்டு வீட்டுக்கும் நடுவே வரும் மதில் கிணற்றின் மேலே குறுக்காக ஓடும். இந்தப் பக்கம் எங்கள் உருளையும் கயிறும். அந்தப் பக்கம் அவர்களுடையது. எங்கள் முற்றத்திலிருந்து பார்த்தால் கிணறு வடக்கே இருக்கும், அவர்கள் முற்றத்திலிருந்து பார்த்தால் தெற்கே. தண்ணீர் ஒன்றுதான். ஷேர்டு மெமரியும் அப்படித்தான். ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தனி முகவரி வரைபடம், நடுவே மதில். கெர்னல் இரண்டு வரைபடத்திலும் ஒரே ராம் பக்கத்தைக் குறித்துவைக்கிறது. இங்கே ஒரு முகவரியில் தெரியும், அங்கே வேறு முகவரியில் தெரியும். அதனால்தான் அந்தப் பகுதிக்குள் பாயிண்டரை, அதாவது முகவரியை, போட்டுவைக்கக் கூடாது. என் முற்றத்திலிருந்து ‘வடக்கே பத்தடி’ என்று எழுதிவைத்தால், அதைப் படிக்கும் பக்கத்து வீட்டுக்காரர் அவர் வீட்டு அடுப்படிக்குத்தான் போவார். தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட் என்றுதான் எழுத வேண்டும். இதை நான் முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டேன்.

சரி, ஷேர்டு மெமரிக்கு ஒரு பெயர் கொடுத்துத் திறந்து, ட்ரங்கேட் செய்து அளவு வைத்து, எம்மேப் செய்து ப்ராசஸின் முகவரி வரைபடத்தில் ஒட்டிக்கொண்டேன். முதல் 4096 பைட்டில் ஒரு தலைப்புப் பகுதி: ஒரு பூட்டு, கடைசியாக எழுதிய இடத்தின் எண், அந்தப் படம் துணியின் எத்தனையாவது மீட்டரில் எடுத்தது என்ற கணக்கு. அதற்குப் பின்னால் வரிசையாக 16 படத்துக்கு இடம். பதினாறும் நிரம்பினால் மறுபடி முதலிலிருந்து. ப்ராசஸ்களுக்கு நடுவே பகிரலாம் என்று குறித்த ஒரு சாதாரண மியூடெக்ஸ், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டு. எழுதுகிறவன் பூட்டுவான், படத்தை வைப்பான், எண்ணை நகர்த்துவான், திறப்பான். ஓடவிட்டதும் சிபியு சுமை சட்டென்று இறங்கியது. அன்றைக்கு வந்த சந்தோஷம் இன்றும் நினைவிருக்கிறது.

22-வது படம்

வட்டில் எழுதுகிற ப்ராசஸ் சில சமயம் பின்தங்கியது. 16 இடம் போதவில்லை என்று 32 ஆக்கினேன். என் மேசையில் இருந்த கணினியில் இரண்டு நாள் ஓடியது, ஒரு குறையும் இல்லை. ஒரு மில்லில் இருந்த கருவிக்கு அனுப்பினோம். மறுநாள் காலை நானும் அங்கே இருந்தேன், வேறு ஒரு வேலையாக.

மெஷினில் நின்ற அக்கா பதினைந்து வருடமாகத் துணி பார்த்தவர். ஏறக்குறைய அரை மணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். “தம்பி, இங்க வந்து பாருங்க. கரையில ஒரு நூல் நீட்டிட்டு இருக்குது பாருங்க. அது நகரவே இல்ல.”

திரையில் இருந்தது சுத்தமான துணியின் படம். கரையோரம் ஒரு சின்ன நூல் பிசிறு. கீழே துணி ஓடிக்கொண்டிருந்தது, திரையில் நின்றிருந்தது. ஓட்டை எண்ணிக்கை பூஜ்யம். அரை மணி நேரத் துணி யாரும் பார்க்காமலே உருளையில் சுற்றப்பட்டிருந்தது. கருவி கெட்டுப்போய் நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அது நன்றாக இருப்பது போலவே நின்றிருந்தது. அந்தத் துணியை முழுக்கத் திரும்ப அவிழ்த்து, அவரும் இன்னொருவரும் கையாலும் கண்ணாலும் பார்த்தார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் நான் பக்கத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன்.

நான்கு ப்ராசஸும் உயிரோடுதான் இருந்தன. ஒரு ப்ராசஸ் கெர்னலிடம் என்ன கேட்கிறது என்று காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டுப் பார்த்தால் நான்கும் ஃபியூடெக்ஸில், அதாவது பூட்டுக்காகத் தூங்கும் கெர்னல் அழைப்பில், காத்துக் கிடந்தன. எல்லாரும் பூட்டுக்காகக் காத்திருக்கிறார்கள் என்றால் பூட்டு யார் கையில்? ஷேர்டு மெமரி லினக்ஸில் டெவ் எஸ்.எச்.எம். என்ற அடைவில் ஒரு கோப்பாகவே தெரியும். அதை நகலெடுத்து முதல் சில பைட்டுகளை அச்சிட்டுப் பார்த்தேன். முதல் நான்கு பைட்டில் 2. பூட்டியிருக்கிறது, வெளியே ஆள் காத்திருக்கிறது என்று பொருள். எட்டாவது பைட்டிலிருந்து பூட்டியவரின் எண்: 29 00 00 00. பதினாறடிமான எண், நமக்குப் புரிகிற கணக்கில் 41. ப்ராசஸ் பட்டியலில் தேடினேன். 41 என்று யாருமே இல்லை.

இந்த நான்கையும் எழுப்பிக் கவனிக்கும் மேற்பார்வை ப்ராசஸின் லாகில் 41 இருந்தது. கேமரா ப்ராசஸ், சிக்னல் 7, பஸ் எரர் (தொட்ட நினைவகத்தைக் கெர்னலால் தர முடியாதபோது வருவது), இறந்தது. உடனே புதிய கேமரா ப்ராசஸ் ஒன்று எழுப்பப்பட்டிருக்கிறது. அதுவும் வந்து, அதே கிணற்றில் எட்டிப் பார்த்து, செத்துப்போன 41-இன் கையில் இருந்த பூட்டு திறக்கட்டும் என்று காத்து நின்றிருக்கிறது.

ஏன் இறந்தது என்பது சீக்கிரம் தெரிந்துவிட்டது. மில்லில் எங்கள் மென்பொருள் டாக்கருக்குள், அதாவது கன்டெய்னர் என்ற தனி அறை போன்ற ஒன்றுக்குள், ஓடியது. டாக்கர் ஒரு கன்டெய்னருக்குச் சொல்லாமலே கொடுக்கும் ஷேர்டு மெமரி அளவு 64 எம்.பி. என் மேசைக் கணினியில் அது ராமில் பாதி. ட்ரங்கேட் 96 எம்.பி. என்றதும் மறுப்புச் சொல்லாமல் சரி என்றது, ஏனென்றால் அது இடத்தை ஒதுக்குவதில்லை, அளவை எழுதிக்கொள்கிறது, அவ்வளவுதான். பக்கத்தைத் தொடும்போதுதான் கெர்னல் ராமைத் தேடும். 21 படம் போன பிறகு மிச்சம் ஒரு எம்.பி.க்குச் சற்றுக் குறைவு. 22-வது படத்தை எழுதும்போது நடுவில் இடம் தீர்ந்து அடி விழுந்திருக்கிறது. நகலெடுத்த கோப்பிலிருந்து அந்தப் படத்தைப் பிரித்து எடுத்துப் பார்த்தேன். மேலே 510 வரி துணி. அதற்குக் கீழே முழுக்கக் கறுப்பு. ஓடத் தொடங்கி முக்கால் நொடியில் நடந்த விஷயம் அது.

டாக்கரின் அளவைக் கூட்டினேன். ட்ரங்கேட்டுக்குப் பதிலாக முன்கூட்டியே இடத்தை ஒதுக்கும் ஃபாலோகேட் போட்டேன், இடம் இல்லையென்றால் தொடக்கத்திலேயே சொல்லிவிடும். அன்று மாலைக்குள் கருவி ஓடியது. ஆனால் 41 மனசை விட்டுப் போகவில்லை. இன்று பஸ் எரர். நாளைக்கு மெமரி தீர்ந்து கெர்னலே ஒரு ப்ராசஸைக் கொல்லலாம். கேமரா நிறுவனத்தின் நூலகம் வெடிக்கலாம். பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு எவனாவது மறுபடி சாகத்தான் போகிறான்.

இரண்டு அடைப்புக்குறிக்கு நடுவே

இதற்கென்றே ரோபஸ்ட் மியூடெக்ஸ் என்று ஒன்று உண்டு. சாதாரணப் பூட்டு என்பது பகிர்ந்த இடத்தில் இருக்கும் ஒரு எண். போட்டி இல்லாதபோது அதைப் பூட்டுவதும் திறப்பதும் கெர்னலுக்குத் தெரியவே தெரியாது. அதுதான் அதன் வேகத்துக்குக் காரணம், பூட்டியவன் செத்தால் கெர்னல் சும்மா இருப்பதற்கும் அதுவே காரணம். ரோபஸ்ட் வகையில், ஒவ்வொரு த்ரெட்டும் (ப்ராசஸுக்குள் ஓடும் ஒரு வேலைச்சரடு) தான் பிடித்திருக்கும் பூட்டுகளின் பட்டியல் எங்கே இருக்கிறது என்பதைக் கெர்னலிடம் முன்பே சொல்லிவைக்கும். த்ரெட் செத்தால் கெர்னல் அந்தப் பட்டியலை நடந்து பார்த்து, ஒவ்வொரு பூட்டிலும் ‘உரியவர் இறந்தார்’ என்று ஒரு பிட்டைப் போட்டு, காத்திருப்பவரில் ஒருவரை எழுப்பும். லினக்ஸில் 2006-இலிருந்து இருக்கிறது. எழுந்தவருக்குப் பூட்டு கிடைக்கும், கூடவே ஈ-ஓனர்-டெட் என்ற பதிலும் கிடைக்கும்.

அந்தப் பதிலைக் கையாள ஓர் இஃப் நிபந்தனை எழுதினேன். அடைப்புக்குறி திறந்தேன், மூடினேன். நடுவே என்ன எழுதுவது? விதி இதுதான்: பூட்டு உன்னிடம் இருக்கிறது. உள்ளே இருக்கும் தரவை நீ சரிபார்த்துவிட்டாய் என்றால் கன்சிஸ்டென்ட் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டுச் சொல்லு. சொல்லாமல் திறந்தால், அந்தப் பூட்டு இனி யாருக்கும் கிடைக்காது. நான் பார்த்த எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலும் அடைப்புக்குறிக்குள் அந்த ஒரே வரிதான் இருந்தது. நானும் அதையே எழுதினேன். கேமரா ப்ராசஸை விட்டு விட்டு 9 அனுப்பிக் கொன்று பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மற்றவர்கள் தடங்கல் இல்லாமல் ஓடினார்கள். பழைய போஸ்ட்கிரெஸ் ராத்திரி நினைவுக்கு வந்து, பார், இப்படி எழுத முடியும் என்று ஒரு நிறைவுகூட வந்தது.

அந்தச் சோதனையின் வெளியீட்டை மறுநாள் பொறுமையாகப் பார்த்தபோது ஒரு ஓட்டை தப்பான மீட்டரில் பதிவாகியிருந்தது. எழுதுகிறவன் படத்தை வைத்து, இடத்தின் எண்ணையும் நகர்த்திவிட்டான். மீட்டர் கணக்கை எழுதும் முன்பு இறந்துவிட்டான். புதுப் படத்துக்குப் பழைய மீட்டர். பூட்டை எடுத்த அடுத்தவன் ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று கெர்னலிடம் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறான். சொன்னது நான் எழுதிய வரி. நான் எதையும் சரிபார்த்திருக்கவில்லை. எப்படிச் சரிபார்ப்பது என்றும் தெரியவில்லை, ஏனென்றால் அந்த நினைவகத்தைப் பார்த்து, செத்தவன் எந்த வரியில் செத்தான் என்று சொல்ல வழியே இல்லை. பாதி எழுதிய பைட்டும் முழுசாக எழுதிய பைட்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

அம்மாயி வீட்டுக் கிணற்றில் ஒருமுறை பூனை விழுந்து செத்தது. நான் நான்காவதோ ஐந்தாவதோ படித்துக்கொண்டிருந்தேன். அது மதிலுக்கு எந்தப் பக்கமிருந்து விழுந்தது என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் பக்கத் தண்ணீர் நன்றாகத்தானே இருக்கிறது என்றும் யாரும் சொல்லவில்லை. இரண்டு வீட்டுக் கயிறும் மேலே ஏறின. ஆயில் என்ஜின் கொண்டுவந்து தரை தெரியும்வரை முழுக்க இறைத்தார்கள். ராத்திரி ஊற்றெடுத்துக் காலையில் புதுத் தண்ணீர் நின்றது. அந்த ஒரு நாள் இரண்டு வீடும் தெருக்குழாயில் குடம் வைத்துக் காத்திருந்தோம்.

போஸ்ட்கிரெஸ் செய்வது இதைத்தான். அதன் பகிர்ந்த நினைவகத்தில் தரவுப் பக்கங்கள், பூட்டுப் பட்டியல்கள், யார் எந்தப் பரிவர்த்தனையில் இருக்கிறார் என்ற கணக்கு எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒரு பேக்எண்ட் முறையில்லாமல் செத்தால், அது எதைத் தொட்டுக்கொண்டிருந்தது என்று போஸ்ட்மாஸ்டர் ஆராயப் போவதில்லை. எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு நினைவகத்தைப் புதிதாக அமைக்கிறது. பிறகு டபிள்யூ.ஏ.எல். எனும் முன்பதிவேட்டை வட்டிலிருந்து படித்து, உறுதிசெய்யப்பட்ட ஒவ்வொரு மாற்றத்தையும் திரும்பப் போடுகிறது. ஊற்று அங்கே வட்டில் இருக்கிறது. அதனால்தான் இறைக்கத் துணிகிறது. குறியீட்டிலேயே சில பகுதிகளைக் கிரிட்டிக்கல் செக்‌ஷன் என்று குறித்து வைத்திருக்கிறார்கள். அதற்குள் ஒரு சாதாரண எரர் வந்தாலும் அது பேனிக் என்ற உச்ச நிலைப் பிழையாக உயர்த்தப்பட்டு எல்லாரும் திரும்பத் தொடங்க வேண்டும். பாதியில் நின்ற மாற்றத்தோடு ஒரு கணம்கூட ஓடமாட்டேன் என்பதுதான் அதன் நிலை.

போஸ்ட்மாஸ்டர் மட்டும் அந்த நினைவகத்தைக் கூடியமட்டும் தொடாமல் ஒதுங்கி நிற்கிறது. அதில் எந்தப் பூட்டையும் எடுப்பதில்லை. கிணற்றங்கரையில் நிற்கும் ஆள் அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கக் கூடாது. மற்றவர்கள் எல்லாரும் சந்தேகத்துக்குரியவர்கள் ஆகும்போது உத்தரவிடத் தகுதியான ஒருவர் மிச்சம் இருக்கிறார். இந்த ஏற்பாட்டின் அழகு எனக்குப் புரிய இத்தனை வருடம் ஆனது. ‘கெடுத்திருக்கவும் கூடும்’ என்ற அந்தச் சொல்லை நான் சாக்குப்போக்காகப் படித்திருந்தேன். அந்த இடத்தில் உண்மையாகச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான். நூற்றெழுபத்தொன்பது பேரும் தனித்தனியாக இருந்தார்கள் என்று நான் நினைத்ததே தப்பு. நினைவகத்தைப் பகிர்ந்துகொண்ட அன்றைக்கே அவர்கள் ஒரே வீட்டார் ஆகிவிட்டார்கள்.

இப்போது ஓடுவது

அடைப்புக்குறிக்குள் இருந்த வரியை எடுத்துவிட்டேன். இப்போது ஈ-ஓனர்-டெட் வந்தால், வாங்கியவர் கன்சிஸ்டென்ட் என்று சொல்வதில்லை. மேற்பார்வை ப்ராசஸுக்குச் செய்தி அனுப்பிவிட்டு வெளியேறிவிடும். மேற்பார்வை ப்ராசஸ் அந்த ஷேர்டு மெமரிக்குள் எம்மேப் செய்வதே இல்லை. ரிலே வழியாகத் துணி ஓட்டத்தை நிறுத்தும், திரையைச் சிவப்பாக்கும், மற்றவர்களையும் வெளியே அனுப்பும், புதிய எண்ணோடு புதிய பகுதியை உண்டாக்கி எல்லாரையும் மறுபடி எழுப்பும். போவது அதிகம் போனால் 32 படம், ஒரு நொடித் துணி. அந்தத் துணி ஓடிப்போகாமல் கேமராவுக்குக் கீழேயும் அதை அடுத்தும் நிற்கிறது. கொஞ்சம் பின்னால் சுற்றினால் மறுபடி பார்த்துவிடலாம். எங்கள் ஊற்று அந்த உருளைதான்.

ஒரு வேலை பாக்கி இருந்தது. சோதனையில், வட்டில் எழுதும் ப்ராசஸ் ஒருமுறை வெளியேறாமல் பழைய பகுதியையே பிடித்துக்கொண்டு நின்றது. புதிதாக எழுந்த இன்னொன்றும் அதே கோப்புறையில் எழுதியது. இதற்கும் போஸ்ட்கிரெஸில்தான் விடை கிடைத்தது. 2013-இல் வந்த 9.3 பதிப்பிலிருந்து அவர்கள் நினைவகத்தின் பெரும்பகுதியை எம்மேப்புக்கு மாற்றிவிட்டார்கள், ஆனால் சிஸ்டம் ஃபைவ் என்ற பழைய வகைப் பகிர்ந்த நினைவகத்தில் ஒரு துணுக்கை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். என் கணினியில் அந்த வகைப் பகுதிகளைப் பட்டியலிடும் ஐபிசிஎஸ் கட்டளையைப் போட்டால் அதன் அளவு 56 பைட் என்று காட்டுகிறது. அந்த வகையில் எத்தனை பேர் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று கெர்னலே கணக்கு வைத்திருக்கும், எம்மேப்பில் அந்த வசதி கிடையாது. போஸ்ட்மாஸ்டரே செத்து, பிள்ளை ப்ராசஸ் ஏதாவது மிச்சம் இருந்தால், புதிதாகத் தொடங்கும் சர்வர் அந்த எண்ணிக்கையைப் பார்த்து, பழைய பகுதி இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லித் தொடங்க மறுத்துவிடும். நானும் அப்படி ஒரு துணுக்கு வைத்தேன். எண்ணிக்கை பூஜ்யம் ஆகும்வரை புதிய பகுதி பிறக்காது.

அடுத்த முறை மில்லுக்குப் போனபோது அந்த அக்காவிடம் முன்பே சொல்லிவிட்டு, துணி ஓடிக்கொண்டிருக்கும்போது கேமரா ப்ராசஸுக்கு நானே 9 அனுப்பினேன். உருளை நின்றது. திரை சிவந்தது. “இதுக்கு நான் என்ன பண்ணணும் தம்பி?” என்றார். ஒன்றும் வேண்டாங்க, படம் திரும்ப வந்ததும் இந்தப் பொத்தானை அழுத்தினால் பின்னால் சுற்றிக்கொண்டு ஓடும் என்றேன். நான்கைந்து நொடியில் படம் வந்தது. அவர் பொத்தானை அழுத்திவிட்டுத் திரைக்கு அருகே குனிந்து, கரையோரம் நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.